வெள்ளம் வடிந்த வீடு: முதல்முறை சேறு அள்ளப் போகிறவர்களுக்கு

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. தரையில் இரண்டு அங்குலம் சேறு. பார்வைக்குக் கொஞ்சம்தான். ஆனால் கணக்குப் போட்டால் அரை கன மீட்டருக்கு மேல் வரும். ஈரத்தோடு நிறுத்தால் ஏறக்குறைய ஒரு டன். இரும்புச் சட்டிக்கு 12 கிலோ என்று அள்ளினாலும் 80 நடை. அதுவும் ஓர் அறைக்கு மட்டும். நிவாரணப் பணிக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் போவதால்தான் மதியத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2015-இல் சென்னை, 2018-இல் கேரளத்தின் குட்டநாடு, 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரை, 2024 அக்டோபரில் ஸ்பெயினின் வாலென்சியா. தண்ணீர் வந்த விதம் ஒவ்வோர் ஊரிலும் வேறு. வடிந்த பிறகு செய்த வேலை ஒன்றுதான். அமெரிக்கத் தன்னார்வலர்கள் இதை ‘மக் அவுட்’ என்பார்கள். ஜப்பானில் ‘டோரோகாகி’, அதாவது சேறு வாருதல். படகில் போய் ஆள் மீட்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. சேறு வாருவதற்கு உடம்பும் பொறுமையும் இருந்தால் போதும், ஆனால் வரிசை தெரிந்திருக்க வேண்டும். எதை முதலில் செய்வது, எதை யாரைக் கேட்டுச் செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

கிளம்புவதற்கு முன்

தனியாகப் போகாதீர்கள். ஏற்கெனவே அந்த ஊரில் வேலை செய்யும் குழு ஒன்றோடு சேருங்கள். யாரையும் தெரியாதென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070, சென்னை மாநகராட்சிக்கு 1913. மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகே வண்டி ஏறுங்கள்: எந்தத் தெரு, வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் யார், அள்ளிய குப்பையை எங்கே போடுவது.

இந்த ஒழுங்கை ஜப்பானியர்கள் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு வளர்த்தெடுத்தார்கள். அங்கே ஊர்தோறும் உள்ள சமூக நல மன்றம் பேரிடர் நேரத்தில் தன்னார்வலர் மையம் திறக்கும். வீட்டுக்காரர்கள் தங்கள் தேவையைப் பதிவு செய்வார்கள். வருகிறவர்களைக் குழுக்களாகப் பிரித்து வீடு வீடாக அனுப்புவார்கள். 2024 புத்தாண்டு அன்று நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோது, சாலைகள் உடைந்து கிடந்ததால், தன்னார்வலர்கள் இப்போதைக்கு வர வேண்டாம் என்று மாகாண நிர்வாகமே கேட்டுக்கொண்டது. ஆர்வத்தில் கிளம்பி வரும் நூறு கார்கள் ஓர் ஆம்புலன்ஸை மறித்துவிடும். ‘வராதீர்கள்’ என்று சொன்னால் வீட்டில் இருப்பதும் நிவாரணப் பணிதான்.

பழைய துணி மூட்டையைக் கூடவே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்த துணிகளை அப்புறப்படுத்துவதே தனி வேலையானது.

உடம்புக்கு இரண்டு முன்னேற்பாடுகள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பாருங்கள். பத்தாண்டைத் தாண்டியிருந்தால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அடுத்தது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போனால் போதும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் இந்தக் காய்ச்சல் பரவி உயிர்ப்பலி வாங்கியது. அப்போது அங்கே சேற்றில் இறங்கியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம், வாரம் ஒருமுறை கொடுத்தார்கள். மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஆகாது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு, உடனே படுக்காமல் இருங்கள்.

என்னென்ன வேண்டும்

இரண்டு அறை, ஒரு சமையலறை உள்ள வீட்டுக்கு ஆறு பேர் சரியான அளவு. இரண்டு பேர் அள்ள, இரண்டு பேர் சுமக்க, ஒருவர் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சாமான் பிரிக்க, ஒருவர் மேற்பார்வை. மேற்பார்வையாளர் மண்வெட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் அவரும் சேற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். சாய்ந்து நிற்கும் சுவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அள்ளுகிறவரையும் சுமக்கிறவரையும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கருவிகள்: மண்வெட்டி மூன்று, கடப்பாரை ஒன்று, இரும்புச் சட்டி ஆறு, ரப்பர் பட்டை வைத்த நீளப்பிடி வைப்பர் மூன்று, தென்னந்துடைப்பம் நான்கு, பிளாஸ்டிக் வாளி நான்கு, சாக்கு ஐம்பது, கயிறு, கத்தி, டார்ச், அளவு நாடா, மார்க்கர் பேனா. டைல்ஸ் தரையில் மண்வெட்டி கீறல் போடும். ஒன்றரை அடி அகலப் பலகைத் துண்டு அல்லது தகரத் தட்டு நல்லது. சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரப்பினால் 40 கிலோவைத் தாண்டும், கட்டவும் முடியாது, தூக்கும்போது அடி கிழியும்.

ஆளுக்கு ஆள் வேண்டியவை: முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ், உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை, அதற்கு மேல் தோல் கையுறை, கண்ணாடி, என்95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை. கம்பூட்ஸின் அடிப்பகுதியை ஆணி எளிதாகத் துளைத்துவிடும். ஜப்பானில் இதற்காகவே பூட்ஸுக்குள் போடும் எஃகுத் தகட்டு உள்ளங்கால் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் தடிமனான தோல் உள்ளங்காலாவது போடுங்கள். செருப்புடன் சேற்றில் இறங்குகிறவரைக் குழுத்தலைவர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதில் தயவு பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் சாப்பாடும் தண்ணீரும் உங்கள் பையிலேயே இருக்க வேண்டும். வெயிலில் வேலை செய்யும்போது கால் மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

வாசலில் பத்து நிமிடம்

உள்ளே போகும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை. புதிதாக விழுந்த சாய்வான விரிசல், புடைத்த சுவர், சாய்ந்த தூண், திடீரென்று மூட மறுக்கும் கதவு, அடியில் மண் அரித்துப்போன கடைக்கால். இதில் ஒன்று தெரிந்தாலும் பொறியாளர் பார்க்காமல் நுழைய வேண்டாம். மண்சுவர் வீட்டில் இன்னும் எச்சரிக்கை தேவை. நனைந்த மண்சுவர் வெள்ளத்தின்போது நின்றுவிட்டு, வெயில் அடித்துக் காயத் தொடங்கிய மூன்றாம் நாள்கூட விழலாம்.

அடுத்தது மின்சாரம். தெருவில் கரண்ட் இல்லை என்பதால் வீட்டில் இல்லை என்று ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரி, கூரைமேல் சோலார் தகடு, பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வரும் கரண்ட் என மூன்று வழிகள் இருக்கின்றன. மெயின் சுவிட்சை இறக்கி, இன்வெர்ட்டரையும் பிரித்த பிறகே வேலை. மெயின் பெட்டிக்குப் போகும் வழியிலேயே தண்ணீர் நின்றால் அதைத் தொடாமல் மின்வாரிய ஊழியரைக் கூப்பிடுங்கள். நனைந்த வயரிங்கை மின்பணியாளர் மெக்கர் (வயரின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கும் வரை ஒரு பல்பும் எரிய வேண்டாம். தண்ணீர் இறைக்க ஜெனரேட்டர் கொண்டுபோனால், அதை வீட்டுக்கு வெளியே, சன்னல்களிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி வையுங்கள். திண்ணையில் வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். வாசனை இல்லாத வாயு அது. தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார்.

காஸ் சிலிண்டர் மிதந்து கவிழ்ந்திருக்கலாம். ரெகுலேட்டரை மாட்டி ‘வேலை செய்கிறதா’ என்று பார்க்க வேண்டாம். ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புங்கள். காஸ் வாடை வந்தால் எல்லோரும் வெளியே வந்து காஸ் கசிவு உதவி எண் 1906-க்குப் பேசுங்கள்.

பாம்பு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். பீரோவுக்கு அடியில், சுருட்டிய பாய்க்குள், மிக்ஸிக்குப் பின்னால் என்று உலர்ந்த மூலையாகப் பார்த்து ஏறியிருக்கும். எதையும் முதலில் நீளக் கம்பால் தட்டி, புரட்டி, பிறகு கை வையுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-இல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு.

கடைசியாகப் படம். ஒரு பொருளையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். சுவரில் வெள்ளம் நின்ற கோடு இருக்கும். அதன் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துத் தனியாக ஒன்று. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வரும் அலுவலருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காட்ட இதுதான் சாட்சி. கழுவிவிட்டால் கோடு போய்விடும். படங்கள் வீட்டுக்காரரின் போனில் இருக்கட்டும், உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் அல்ல. அவருடைய போன் தண்ணீரில் போயிருந்தால் எடுத்துவைத்துப் பிறகு அனுப்புங்கள்.

குப்பை எது என்று சொல்ல வேண்டியவர்

இந்த வேலையில் மிக எளிதாகக் கெட்டுப்போவது இந்த இடம். ஆறு பேர் உற்சாகமாக நுழைந்து இருபது நிமிடத்தில் வீட்டைக் காலி செய்து தெருவில் குவித்துவிட முடியும். மறுநாள் அந்த அம்மா குவியலைக் கிளறிக்கொண்டு நிற்பார். ஊறிப்போன தலையணை உறைக்குள் நகைச்சீட்டு ரசீது இருந்திருக்கும்.

விதி எளியது. வீட்டுக்காரர் ‘போடலாம்’ என்று வாயால் சொல்லாத எதுவும் வாசலைத் தாண்டாது. அவருக்கு வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள், நிழலில். சாமான்கள் ஒவ்வொன்றாக அவர் கண்ணெதிரே வரட்டும். மூன்று குவியல்: வைத்துக்கொள்வது, போடுவது, பிறகு முடிவு செய்வது. மூன்றாவது குவியல் பெரிதாகிக்கொண்டே போகும்; போகட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ‘இதெல்லாம் போனால் போகிறது, உயிர் இருக்கிறதே’ என்று ஆறுதல் சொல்லவும் வேண்டாம். அதை அவர் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது. அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் ‘அம்மா, இந்த அண்டாவைக் கழுவி வைத்துவிடவா?’ என்பது போன்ற சின்னக் கேள்விகள் போதும்.

சாமி அறையைக் குடும்பத்தார் சொல்லாமல் தொடாதீர்கள்; சொன்னால் பூட்ஸைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். சேறு மிதித்த பூட்ஸோடு சாமி படத்தை எடுத்தால் அன்று முழுக்க உழைத்ததும் வீண். பெண்களின் துணி, பீரோ உள்ளறை, உள்வீட்டுப் பகுதிகளுக்குப் பெண் தன்னார்வலர்களே போகட்டும். எந்த வீட்டிலும் குடும்பத்தாரின் முகம் தெரியும் படம் வெளியே போகக் கூடாது.

சாமான்கள்

பிரிட்ஜைத் திறக்காதீர்கள். கரண்ட் போய் நான்கு நாள் ஆன பிரிட்ஜை வீட்டுக்குள் திறந்தால் அதன் பிறகு அந்த அறையில் யாராலும் வேலை செய்ய முடியாது. கதவோடு சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டி, நிமிர்ந்தபடியே வெளியே கொண்டுபோங்கள்.

இலவம் பஞ்சு மெத்தை ஊறினால் நான்கு பேருக்கும் அசையாது. இருந்த இடத்திலேயே கத்தியால் நான்காக வகுந்து சாக்கில் போட்டுத் தூக்குங்கள். ஊறிய மரக்கதவும் கட்டிலும் வெயிலில் நேரே வைத்தால் முறுக்கிக்கொண்டு பிளக்கும்; நிழலில், காற்று நடமாட, அடியில் கட்டை கொடுத்து வையுங்கள். பைக், மோட்டார், மிக்ஸி எதையும் ‘ஒரு முறை’ ஓட்டிப் பார்க்க வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது கிக்கரை மிதித்தால் பழுது செலவு பல மடங்காகும்.

வெள்ளம் தொட்ட அரிசி, பருப்பு, மாவு, மாத்திரை எல்லாம் போகத்தான் வேண்டும். மனசு வராது, காயவைத்துப் பார்ப்போம் என்பார்கள்; சாக்கடை கலந்த தண்ணீர் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களைக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்தால் பழையபடி புழங்கலாம். மரக்கரண்டி, காய் நறுக்கும் பலகை, குழந்தையின் பால்புட்டி மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், போடும் முன் அட்டையில் உள்ள பெயரைக் குறித்து அன்றே வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

காகிதங்களுக்குத் தனியாக ஒருவர் வேண்டும். பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். ஈரத்தில் பிரித்தால் மை இரண்டு பக்கமாகப் போகும். கட்டாகவே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கரண்ட் உள்ள வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. ஒரு மாதம் கழித்துக்கூட நிதானமாக எடுத்து உலர்த்தலாம். புகைப்படங்களுக்கு வேறு வழி. ஆல்பத்தில் ஒட்டிய படம் அப்படியே காய்ந்தால் முடிந்தது கதை. குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாகக் கழன்று வந்ததும் படப்பக்கத்தைத் தேய்க்காமல் அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து இப்படியே ஏராளமான படங்களைக் கழுவி உரியவர்களிடம் சேர்த்தார்கள். முதுகு வலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஏற்ற வேலை, சேறு அள்ளுவதைவிடக் குறைந்ததும் அல்ல.

ஆதார், ரேஷன் அட்டை போன்றவை கிடைக்கவே இல்லையென்றால் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரிய வெள்ளங்களுக்குப் பிறகு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம் நடத்துவது உண்டு.

சேறு

காய்வதற்குள் எடுக்க வேண்டும். வண்டல் ஈரமாக இருக்கும்போது கூழ். வைப்பரால் தள்ளினால் நகரும். காய்ந்தால் ஓடு, கடப்பாரை வைத்துப் பெயர்க்க வேண்டும், டைல்ஸும் கூடப் பெயரும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கி, வடியும் திசையில் ஓட்டம் இருக்கும்போதே வீட்டுக்காரர் துடைப்பத்தால் கலக்கிவிட்டால் பாதிச் சேறு தண்ணீரோடு போய்விடும். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தால் மட்டும்.

மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே. பரண், அலமாரி, சன்னல் திட்டு, பிறகு சுவர், கடைசியில் தரை. பின்கட்டில் தொடங்கி வாசலுக்கு வாருங்கள். வாசலில் தொடங்கினால் உள்ளே இருக்கும் சேற்றைத் தூக்கிக்கொண்டு கழுவிய இடத்தையே மிதிக்க வேண்டியிருக்கும். சட்டி கைமாறிப் போக வேண்டும், ஆள் நடக்கக் கூடாது. வழுக்கும் தரையில் பத்தடிக்கு ஓர் ஆள் நின்று கைமாற்றினால் விழுகிறவர் குறைவார். குனிந்து அள்ளும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். சட்டியைத் திருப்பும்போது இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வையுங்கள்.

சேற்றைக் கழிவுநீர்க் குழாய்க்குள்ளோ மழைநீர் வடிகாலுக்குள்ளோ தள்ளவே கூடாது. வாலென்சியாவில் ஆயிரக்கணக்கானோர் துடைப்பமும் மண்வெட்டியுமாக நடைப்பாலத்தைத் தாண்டிப் புறநகர்களுக்கு நடந்தே போனார்கள். தெருவில் கிடந்த சேறு சாக்கடைக் குழாய்களில் இறங்கி அடைத்துக்கொண்டது. அதை எடுக்கத் தனி இயந்திரங்கள் தேவைப்பட்டன. குளியலறைத் துளைகளைத் துணி வைத்து அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

குவிப்பது தெருவின் ஒரே பக்கத்தில். லாரியும் ஜேசிபியும் வர மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். மின்கம்பிக்கு அடியிலும், டிரான்ஸ்பார்மர் பக்கத்திலும், வடிகால் வாயிலும், மதிற்சுவரில் சாய்த்தும் கொட்டாதீர்கள். ஈரச் சேற்றின் அழுத்தத்தில் மதில் சாயும். மண் ஒரு குவியல், மரமும் மெத்தையும் ஒன்று, மின்சாமான் ஒன்று. பேட்டரி, பெயின்ட், பூச்சிமருந்து தனியே. எல்லாவற்றையும் கலந்து கொட்டினால் உங்கள் சோம்பலைக் கையால் பிரிக்கப் போகிறவர் தூய்மைப் பணியாளர். 2015-இல் வெளிமாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்டுச் சென்னையைச் சுத்தம் செய்தவர்கள் அவர்கள்தான், அதுவும் பலர் கையுறைகூட இல்லாமல். உங்கள் பையில் கூடுதல் கையுறை நான்கு ஜோடி இருக்கட்டும்.

சேற்றில் எண்ணெய் வாடை வந்தால் நிறுத்துங்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. அதைச் சாதாரணச் சேறு போல அள்ளவும் கூடாது, கொட்டவும் கூடாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படியே. உடைக்காமல், அறுக்காமல், பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து முழுத் துண்டாக எடுக்க வேண்டிய பொருள். என்95 முகக்கவசம் அந்த இழைக்குப் போதாது. உங்களால் முடியாதென்று தலைவரிடம் சொல்லிவிட்டு நகருங்கள்.

பிளீச்சிங் பவுடர்

சேற்றின் மேல் வெள்ளையாகத் தூவிவிட்டுப் போவது வெறும் கண்துடைப்பு. குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து அங்கேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் சேற்றை எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, அலசிய பிறகே பிளீச்சிங்.

புதிய பவுடரில் ஏறக்குறைய 33 விழுக்காடு குளோரின் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் போட்டால் அரை விழுக்காடு கரைசல். பிளாஸ்டிக் வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிரப்பி, பதினைந்து நிமிடம் தெளியவிட்டு மேல்தண்ணீரை எடுங்கள். தரையிலும் சுவரில் வெள்ளக் கோட்டுக்கு ஓரடி மேல் வரையிலும் பூசி அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். வாசனையே இல்லாத, கட்டி தட்டிய பழைய மூட்டை என்றால் அது சுண்ணாம்பாகிவிட்டது. இரண்டு மடங்கு போட்டாலும் பயனில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே நேரத்தில் ஒரே தரையில் சேரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். சுத்தம் நன்றாக வரட்டும் என்று இரண்டையும் ஊற்றுவது நம் வீடுகளில் சகஜம் என்பதால் இதைக் குடும்பத்தாரிடமும் சொல்லுங்கள்.

சம்ப்பும் கிணறும்

சம்ப்புக்குள், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள், இறங்காதீர்கள். செப்டிக் டேங்க் பக்கமே போக வேண்டாம். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுக்குக் காற்று இருக்காது, விஷவாயு இருக்கலாம். முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவது இந்த நாட்டில் ஓயாமல் வரும் செய்தி. மூடியைத் திறந்து காற்றாட விட்டாலும் அது போதுமென்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மேலே நின்று பம்பால் இறைத்து, நீளப்பிடித் துடைப்பத்தால் தேய்த்து, அரை விழுக்காடு கரைசல் அடித்து, அரை மணி கழித்து அலசி மறுபடி இறைத்துவிடுங்கள். அடுக்குமாடியின் தரைக்கடி கார் நிறுத்தம் தண்ணீரில் மூழ்கியிருந்தால், ஒரே நாளில் முழுவதும் இறைத்துவிடக் கூடாது. சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது உள்ளே தண்ணீரின் எதிரழுத்தம் போனால் சுவர் உள்வாங்கும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

கிணற்றுக்குக் கணக்கு உண்டு. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் 12.56 கன மீட்டர், அதாவது சுமார் 12,500 லிட்டர். சாதாரணமாக ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரட்டிப்பாக 5 கிராம். இந்தக் கிணற்றுக்கு ஏறக்குறைய 63 கிராம். வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் எடுத்து, வாளியை நீருக்கடியில் இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். சுண்ணாம்பு வண்டலை உள்ளே கொட்டினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. பிறகு தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுபடி போடுங்கள். ஆய்வு முடியும் வரை குடிப்பதற்குக் கொதித்து ஆறிய தண்ணீர்தான்.

காயவிடுதல்

ஈரத்தில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சன்னல், கதவு, பீரோ, இழுப்பறை எல்லாம் திறந்து கிடக்கட்டும். கரண்ட் வந்து, சோதனையும் முடிந்த பிறகு மின்விசிறியை உள்ளிருந்து வெளிப்பக்கமாக வீசும்படி சன்னலில் வையுங்கள். பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், தூள் அறை முழுக்கப் பறக்கும், ஈரத்துணியில் சோப்பு.

செங்கல் சுவர் உள்ளே தண்ணீரைக் குடித்திருக்கும். பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று குடும்பம் ஆசைப்படும். அடித்தால் மார்ச்சில் உப்புப் பூத்து உரிந்து விழும். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி படிந்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

வெளியூர் வீடுகள் இப்படி இருக்காது. அமெரிக்காவில் உள்சுவர் ஜிப்சம் பலகை. அது தண்ணீரைத் திரி போல மேலே உறிஞ்சும். எனவே வெள்ளக் கோட்டுக்கு ஓரடியாவது மேலே அறுத்து எடுத்து, உள்ளே உள்ள பஞ்சையும் அகற்றி, மரச்சட்டத்தைக் காயவைப்பார்கள். ஜப்பானிய மரவீட்டில் தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் இடையே ஆள் தவழும் இடைவெளி உண்டு. தரை பளபளப்பாக இருக்கும்போதே அடியில் சேறு நாறிக்கொண்டிருக்கும். பலகையைக் கழற்றி, படுத்தபடி தவழ்ந்து அள்ள வேண்டும். இரண்டுக்கும் நம் ஊர் அனுபவம் ஓரளவுதான் உதவும், எனவே அங்கே போனால் முதல் நாள் கேட்பவராக இருங்கள்.

வெளிநாட்டுக்குப் போவதென்றால் பல நாடுகளில் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்ய அனுமதி இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். அழைக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள்: விசா வகை, காப்பீடு, அடிபட்டால் யார் பொறுப்பு, கட்டணம் உண்டா, உண்டென்றால் எதற்கு. வேலை என்ன என்று சொல்லாமல் பணத்தை மட்டும் தெளிவாகச் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். மொழி தெரியாதவர் முதல் வாரத்தில் அங்கே சுமைதான். இரண்டாம் மாதம், செய்திகளிலிருந்து அந்த ஊர் மறைந்த பிறகு, நான்கு வாரம் தங்க முடிந்தவருக்கு வரவேற்பு உண்டு.

திரும்பும் முன்

மாலை நான்கு மணிக்கு நிறுத்துங்கள். ‘இன்னும் இந்த ஒரு மூலை மட்டும்’ என்று நீட்டும் நேரத்தில் காயங்கள் எளிதில் நேரும். வீட்டுக்காரரிடம் என்ன முடிந்தது, என்ன மிச்சம், யார் எப்போது வருவார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாளை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிட வரமாட்டோம் என்று சொல்வது மேல்.

கருவிகளையும் கம்பூட்ஸையும் கழுவிப் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சேற்றுத் துணியைத் தனியாகத் துவைக்கவும். கை கால்களில் கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் காய்ச்சல் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியது வெள்ளச் சேற்றில் வேலை செய்த தேதி.